சம்பந்தி வேட்டியும் ரப்பர் புஷ்ஷும்

ஜூன் 2, ஞாயிறு

சம்பந்தி அங்கமுத்துவின் வேட்டியில் சுக்குக் காபி கொட்டியது. நான் கொட்டினேன் என்று எழுதவில்லை. கொட்டியது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழா. மகன் சுதாகர் புதிதாக வாங்கிய காரை நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் சம்பந்தி, அதாவது சுதாகரின் மாமனார், கஞ்சி போட்ட வேட்டியில். பின்னால் சுதாகரும் என் மனைவி சுலோசனாவும். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். சம்பந்தி பிளாஸ்கைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றி, இரண்டு சீட்டுக்கும் நடுவே கம்பெனிக்காரன் வைத்திருக்கும் கப் ஹோல்டரில் வைத்தார். அந்தக் குழியில் ஒரு சொம்பையே உட்கார வைக்கலாம். நம்முடைய எவர்சில்வர் டம்ளரோ அடி குறுகி வாய் விரிந்தது. கல்யாண மண்டபத்தில் அம்மாவைத் தொலைத்த குழந்தை மாதிரி உள்ளே நின்றது. அதுவும் குழி எனக்கு இடது பக்கம். சாப்பிடுகிற கையால் எடுக்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். திரும்பினேன், எடுத்தேன், கொட்டியது.

ரயிலின் அதிர்வு என்று சொன்னேன்.

“ரயிலே இன்னும் வரலீங்களேப்பா” என்றான் சுதாகர்.

சம்பந்தி “பரவாயில்லீங்” என்று சொல்லிவிட்டு, விசேஷ வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாகச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். சுலோசனா வேட்டியையும் பார்க்கவில்லை, டம்ளரையும் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன இருக்கிறது?

ஜூன் 3, திங்கள்

ஆணியில் கார் சாவி இல்லை.

கேட்டதற்கு சுதாகர், கொஞ்ச நாள் நான் ஓட்டுகிறேன், நீங்கள் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றான். கப் ஹோல்டர் சரியில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார் என்று கேட்டேன்.  பதிலுக்கு ஒரு பொருளை நீட்டினான். மூடி போட்ட புட்டி. மூடியில் ஒரு மூக்கு. அதை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். என் வயதில் எனக்குப் பால் புட்டி. எந்தப் பாத்திரத்திலும் நான் வாய் வைத்துக் குடித்தவன் இல்லை. அண்ணாந்து ஊற்றிக்கொள்வேன், ஒரு சொட்டு சிந்தாது. ஊருக்கே தெரியும்.

பேச்சு முற்றி, பந்தயத்தில் வந்து நின்றது. அந்தக் குழியில் டம்ளர் ஆடாமல் நிற்க நான் ஒரு புஷ், அதாவது குழிக்குள் செருகுகிற ரப்பர் வளையம், செய்வேன். நிறைந்த டம்ளரை அதில் வைத்துக் கணபதியில் இருக்கும் நம் வீட்டிலிருந்து மருதமலை அடிவாரம் வரை போக வேண்டும். சிந்தினால் சாவியையும் விட்டுவிடுகிறேன், டாக்டரிடமும் போகிறேன். சிந்தாவிட்டால் சாவி ஆணிக்குத் திரும்ப வேண்டும். அதன்பிறகு டாக்டர் என்ற சொல்லையே இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

“சரிங்கப்பா” என்றான். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 5, புதன்

குழியை அளந்தேன். மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம், ஒரு பக்கம் மட்டும் சின்ன வெட்டு. எந்தக் கணக்கில் செய்தார்கள் என்று தெரியவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்த வேலை.

நான் பாலிடெக்னிக் வாசலை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பம்பைக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றவன். பம்புக்கும் கிரைண்டருக்கும் ரப்பர் புஷ் அடித்துக் கொடுத்தே குடும்பத்தைக் காப்பாற்றினேன். கிரைண்டர் சத்தத்தைப் பாதியாகக் குறைக்கிற இரட்டை உதட்டுப் புஷ் என்னுடைய யோசனை. அதை ஒரு கம்பெனி பார்த்துவிட்டுப் போய், தன் பெயரைப் போட்டு விற்றது. அது பழைய கதை. ஆனால் நான் மறக்கவில்லை.

கார் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம், படத்துடன்.

சுலோசனா இப்போதெல்லாம் அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். பொங்கலிலிருந்தே இப்படித்தான். இன்றும் கேட்டேன். அரை டம்ளர்தான் சூடாக இருக்கும், தீர்ந்தால் மறுபடி ஊற்றித் தருகிறேன் என்கிறாள். சுக்குக்கும் கருப்பட்டிக்கும் இந்த வீட்டில் என்ன பஞ்சமோ.

ஜூன் 8, சனி

முதல் புஷ். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, சுருட்டிக் குழிக்குள் இறக்கினேன். டம்ளர் நின்றது. தெருக்கோடி வரை சுதாகரை ஓட்டச் சொன்னேன். வேகத்தடையில் சுருள் பிரிந்து டம்ளரை உள்ளே இழுத்துக்கொண்டது. கிணற்றில் விழுந்ததை எடுப்பது போல இரண்டு விரல் விட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 9, ஞாயிறு

வெயிலில் நின்ற கார் முழுக்க டியூப் நாற்றம். மருமகள் நிர்மலா அம்மா வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனாள். போய்ச் சம்பந்தியிடம் சொல்லியிருப்பாள்.

ஜூன் 12, புதன்

நாற்றம் இல்லாத, இளக்கமான ரப்பர் வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் கண் முன்னாலேயே இருந்தது. குக்கர் கேஸ்கட். வளையும், சூடு தாங்கும், வாசம் கிடையாது. நல்ல பொருள்.

வெட்டிய பிறகுதான் சுலோசனா அரிசி களைந்து வைத்திருப்பதைப் பார்த்தேன்.

ஜூன் 13, வியாழன்

மதியம் உப்புமா. இரவும் உப்புமா. 

ஜூன் 16, ஞாயிறு

காந்திபுரம் போய் இரண்டு கேஸ்கட் வாங்கி வந்தேன். ஒன்று குக்கருக்கு, ஒன்று எனக்கு. பஸ்ஸில் போனேன் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

இப்போது வடிவம் பிடிபட்டுவிட்டது. வெளியே பம்பு ரப்பரில் ஒரு குழல். உள்ளே கேஸ்கட்டில் வெட்டிய நாக்குகள், பூவிதழ் போல நடுவை நோக்கிச் சாய்ந்து நிற்கும். டம்ளர் இறங்கும்போது மடங்கிக் கொடுக்கும், இறங்கிய பிறகு சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். தடித்த டம்ளரோ மெலிந்த டம்ளரோ, எதுவானாலும் சரி.

நாக்கை ஒரே சீராக வெட்ட வேண்டும். பிளேடு சரியில்லை. கடையில் புதுக் கட்டு வாங்கினேன், அதுவும் சரியில்லை. இந்தக் காலத்துப் பிளேடு எல்லாம் காகிதத்துக்குத்தான் ஆகும். சவரம் செய்தாலும் இரண்டு இடத்தில் கீறுகிறது. நாக்கெல்லாம் எலி கடித்தது போல வந்தது. சுலோசனா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நான் அளவு சொன்னேன், அவள் வெட்டினாள். அவளும் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் பொருத்திப் பார்த்தோம். டம்ளர் அசையவில்லை. ஆனால் எடுத்தால் புஷ்ஷும் கூடவே வந்துவிடுகிறது.

“உங்க சம்பந்தியாட்டப் புடிச்சா உட மாட்டேங்குது” என்றாள் சுலோசனா. சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று.

ஜூன் 19, புதன்

வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவுன்டரில் புதிதாக ஒரு பெண். பழைய ஆளாக இருந்தால் முகத்தைப் பார்த்தே பணம் கொடுத்திருப்பார்.

இந்தப் பேனாவும் மோசம். வரி ஆரம்பத்தில் ஒழுங்காக எழுதுகிறது, போகப் போக எழுத்தைச் சின்னதாக்கிவிடுகிறது. பேனாக் கம்பெனிக்கும் எழுத வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

கார் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, அருகிலுள்ள விற்பனை நிலையத்தை அணுகவும். போனேன். கழுத்தில் பட்டை தொங்கவிட்ட ஒரு பையன், பாட்டிலில் ஊற்றிக் குடித்தால் பிரச்சினை வராது சார் என்றான். அவன் தகப்பனார் எப்படிக் குடிப்பார் என்று கேட்டேன். அவர் டீ குடிக்க மாட்டார் என்றான்.

ஜூன் 22, சனி

விடை கிடைத்தது. புஷ் டம்ளரோடு வருவதற்குக் காரணம், உள்பிடி அதிகம், வெளிப்பிடி குறைவு. பழைய சரக்கு டப்பாவிலிருந்து இரண்டு ஓ ரிங் ரப்பர் வளையங்களை எடுத்துக் குழலுக்கு வெளியே மாட்டினேன். இப்போது கப் ஹோல்டரின் சுவரை அது விடாது. உள்ளே நாக்குகளைக் கொஞ்சம் குட்டையாக்கச் சுலோசனாவிடம் சொன்னேன். அடியில் ஒரு வட்ட ரப்பர் வைத்து டம்ளரை உயர்த்தினேன், விளிம்பைப் பிடித்துத் தூக்க வசதியாக.

டம்ளரை வைத்தால் நிற்கிறது. எடுத்தால் தனியாக வருகிறது. வீட்டுக்குள் வந்து, ஆயிற்று என்றேன். சுலோசனா கை துடைத்துக்கொண்டு கார் வரை வந்து, தானே வைத்து, தானே எடுத்துப் பார்த்தாள்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள். அவள் அப்படிச் சொன்னது, இரட்டை உதட்டுப் புஷ்ஷுக்குப் பிறகு இப்போதுதான்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் யாரிடமும் சொல்லாமல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் காரில் வைத்துவிட்டேன். சுதாகர் ஆபீஸ் போய், வழியில் அவிநாசி ரோட்டுப் பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, இருட்டிய பிறகு வந்தான். டம்ளர் வைத்தபடி இருந்தது. கீழே கொஞ்சம்கூட ஈரமில்லை.

“இந்தத் தண்ணி யாரு வெச்சதுங்க?” என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் குடித்துவிட்டான். சாட்சியை அழித்துவிட்டான் என்றாலும் பரவாயில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இன்று பந்தயம்.

நடுவராகச் சம்பந்தியை வரச் சொல்லியிருந்தேன். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அவர் இருப்பதுதான் நியாயம். வேட்டி கட்டாமல் கருநீலப் பேன்ட் போட்டு வந்தார். மடியில் விரிக்க ஒரு துண்டும் கொண்டு வந்தார். நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

சுதாகர் ஓட்டினான். அவன் பக்கத்தில் நான். பின்னால் சம்பந்தி, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு. அவர் பக்கத்தில் பிளாஸ்கோடு சுலோசனா. நிறைய ஊற்று என்றேன். தயங்கினாள். பந்தயமே நிறைந்த டம்ளருக்குத்தான் என்றேன். விளிம்பு வரை ஊற்றினாள்.

சுதாகர் தயவு காட்டவில்லை. வேகத்தடையில் வேகம் குறைக்கவில்லை. பைப் பதிக்கத் தோண்டிய ரோடாகப் பார்த்துப் போனான். லாலி ரோடு திருப்பத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்து, பிரேக் போட்டதில் சம்பந்தியின் நெற்றி என் சீட்டில் இடித்தது. டம்ளரில் சுக்குக் காபி விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

வடவள்ளி தாண்டியதும் சம்பந்தி துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

அடிவாரத்தில் வண்டி நின்றது. சுதாகர் இன்ஜினை அணைத்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. சுதாகர் சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டான்.

“ஜெயிச்சுப்போட்டீங்க சம்பந்தி” என்றார் அங்கமுத்து. “எடுத்துக் குடிங்க.”

எடுத்தேன்.

ரோடு இல்லை. ரயில் இல்லை. இன்ஜின் இல்லை. சீட் நனைந்தது, என் வேட்டி நனைந்தது, சாவி போட்ட பையும் நனைந்தது. டம்ளரில் பாதிதான் மிஞ்சியது.

எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி, மலையில் இன்று கூட்டம் அதிகம் போலிருக்கிறது என்றார். அங்கே கூட்டமே இல்லை. சுலோசனா முந்தானையால் என் கையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் விடவில்லை.

பந்தயத்தில் ஜெயித்தது நான். அது பதிவாக வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஒரு பம்பு அதிர்ந்தால் ஒவ்வொரு காரணமாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதுதான் தொழில்.

எல்லோரும் வெளியே போன பிறகு, போர்டிகோவில் நிற்கும் காரில் உட்கார்ந்தேன். புஷ்ஷில் நிறைந்த டம்ளர். தண்ணீரில் கூரை தெரிந்தது, ஆடவில்லை. எடுத்தேன், சிந்தியது. டம்ளரை மாற்றினேன், சிந்தியது. சீட்டை மாற்றினேன், சிந்தியது. காரை விட்டு இறங்கி வாசல்படியில் வைத்து எடுத்தேன், அங்கேயும் சிந்தியது. கம்பெனிக்காரனுக்கு இதில் பங்கில்லை என்று எழுதுவது எனக்கு மகிழ்ச்சியான விஷயம் இல்லை.

இடது கையால் எடுத்தேன். சிந்தவில்லை.

அதற்காக இடது கையால் குடிக்க முடியாது. அது நடக்காது.

ஜூலை 4, வியாழன்

சாவி ஆணியில் தொங்குகிறது. நான் எடுக்கவில்லை. பெட்ரோல் போடவில்லை என்று சுதாகரிடம் சொன்னேன். நேற்றுத்தான் நிரப்பினேன் என்றான். டயரில் காற்று எப்படி என்று கேட்டேன். அதுவும் சரியாம்.

யாரும் டாக்டர் என்ற சொல்லை எடுப்பதில்லை. அதுதான் பந்தயம். இந்த வீட்டில் நான் சொன்ன எதைத்தான் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள்? குக்கரைத் தொடாதே என்றால் தொடுவார்கள், ஃபேனை அணை என்றால் அணைக்க மாட்டார்கள். இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்கிறார்கள். நிர்மலா தொலைக்காட்சியில் டாக்டர் வரும் சீரியலைக்கூட மாற்றிவிட்டாள்.

சாப்பிடும்போது, இந்தக் காலத்தில் வயதானவர்களுக்கு எதெதற்கோ மருந்து வந்திருக்கிறதாமே என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சுதாகர் ரசம் ஊற்றிக்கொண்டான்.

ஜூலை 8, திங்கள்

சுலோசனாவுக்கு முட்டி வலி. நேற்று ராத்திரி திடீரென்று ஆரம்பித்ததாம்.

“ஏனுங்க, தனியாப் போக பயமா இருக்குது. கூட வாங்க” என்றாள். பெண்சாதி கேட்டால் போகாமல் இருக்க முடியுமா? ஆட்டோவில் போனோம். படிகளில் எனக்கு முன்னால் ஏறினாள்.

முட்டிக்கு எதற்கு நரம்பு டாக்டர் என்று எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர். அவளிடம் முட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், அவள் இப்போது தேவலை என்றாள். வந்தது வந்தோம், என் கையையும் பார்த்துவிடுங்கள் என்றேன்.

நடக்கச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். கையை மடியில் சும்மா வைத்திருக்கச் சொன்னார், அது சும்மா இருக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு வரி எழுதுங்கள் என்றார். பேனா அவருடையது, நல்ல பேனா. “கப் ஹோல்டரில் இனி குறையில்லை” என்று எழுதினேன். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள வித்தியாசம். டாக்டர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு சுலோசனாவைப் பார்த்தார். அவள், அது ஒரு பெரிய கதைங்க டாக்டர் என்றாள்.

நோய்க்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். முதலில் கண்டு எழுதிய ஆளின் பெயராம். அந்த மனிதரின் பெயரையாவது அவர் கண்டதற்குப் போட்டிருக்கிறார்கள்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். கை அடங்கும், முழுக்க அடங்கும் என்று சொல்ல முடியாது, வண்டி ஓட்டுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்து சுதாகரிடம் கொடுத்தேன். கிளட்ச் கொஞ்சம் கடினமாக இருக்கிறது, நீயே ஓட்டு என்றேன்.

“ஆமாங்கப்பா, கடினமாத்தான் இருக்குது” என்றான். அந்தக் கிளட்சில் ஒரு குறையும் இல்லை. அவனுக்கும் தெரியும்.

ஜூலை 14, ஞாயிறு

சம்பந்தி வந்தார். வேட்டியில். அவர் காருக்கும் ஒரு புஷ் வேண்டுமாம். அவருடைய வீட்டம்மா கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறதாம். இதை நீங்கள் விற்கலாம் சம்பந்தி, என்ன பெயர் போடுவீர்கள் என்று கேட்டார். யோசனை என்னுடையது, நாக்கு வெட்டியது முழுக்க சுலோசனா என்று சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

மாத்திரை வேலை செய்கிறது. சவரத்தில் ஒரு கீறல்தான்.

அரை டம்ளர் விவகாரத்தை இன்று முடித்துவிட்டேன். காரில் இருந்த புஷ்ஷை எடுத்து, ஒரு வேப்பங்கட்டையைக் குடைந்து அதில் பொருத்திச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். குடைந்தது சுதாகர். நான் அளவு சொன்னேன்.

கணக்கு இதுதான். முழு டம்ளரில் சிந்துவது மேல் பாதிதான். கீழ்ப் பாதியை என் கை சமாளிக்கும். ஆகவே டம்ளர் புஷ்ஷில் இருக்கும்போதே மேல் பாதியைக் குடித்துவிட வேண்டும். அதற்குக் குனிந்து, விளிம்பில் வாய் வைக்க வேண்டும். இடது கையா, வாயா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சுலோசனாவைக் கூப்பிட்டு, ஊற்று என்றேன். வழக்கம்போல அரையில் நிறுத்தினாள்.

“இன்னும்” என்றேன்.

என்னைப் பார்த்தாள். புஷ்ஷைப் பார்த்தாள். விளிம்பு வரை ஊற்றினாள்.

குனிந்தேன். டம்ளரில் வாய் வைத்தேன். எவர்சில்வர் இவ்வளவு சுடும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை, அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேல் பாதி இறங்கியதும் டம்ளரை எடுத்து, கீழ்ப் பாதியை எப்போதும் போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். சிந்தவில்லை.

கருப்பட்டி கொஞ்சம் கம்மி. சொல்லவில்லை.